நகம் தட்டிய இடம்

என் பழைய கார் இன்ஜினின் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி வைத்த அன்று இரவு நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. முதல் சிலிண்டருக்குள் விரலை விட்டு, நகத்தைச் சுவரில் ஊன்றி, கீழிருந்து மேலாக மெல்ல இழுத்தேன். வழவழவென்று வந்த நகம் மேல் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே தட்டி நின்றது. இரண்டாவது சிலிண்டரிலும் அப்படியே. மூன்றாவதிலும். நான்காவதில் நகம் பாதி வழியிலேயே சொரசொரப்பில் சிக்கியது. அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நகம் தட்டும் அந்த இடத்தை நான் வரப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பெயர்தான் வரப்பு, அது எங்கும் உயரவில்லை. சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும்போது, அதைச் சுற்றி மாட்டிய ரிங்குகளில் மேலே இருக்கும் முதல் ரிங் எட்டும் எல்லை அதுதான். அதற்கு மேலே ரிங் படுவதே இல்லை, ஆகவே சுவரின் அந்தச் சிறு பட்டை கடைசியாகத் துளை போட்ட அளவிலேயே கிடக்கிறது. அதற்குக் கீழே உள்ள சுவர் தேய்ந்து உள்வாங்கிவிட்டது. மேலே கரி படிந்து இன்னும் தடிப்பாகத் தெரியும். கரியைச் சுரண்டிவிட்டுத்தான் நகத்தை நம்ப வேண்டும்.

இன்ஜின் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மோரிஸ் மைனர் காரின் முதல் வகையினுடையது, 1948இல் வெளிவந்த சீரிஸ் எம்எம். 918 சி.சி., நான்கு சிலிண்டர், சைடு வால்வு, அதாவது வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். போர், அதாவது துளையின் விட்டம், 57 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 90 மி.மீ. இவ்வளவு ஒல்லியான துளையில் இவ்வளவு நீண்ட ஓட்டம் எதற்கு என்று இன்றைய கண்ணுக்குத் தோன்றும். இந்த இன்ஜின் 1930களின் மோரிஸ் எய்ட் காரிலிருந்து வந்தது. அன்றைய பிரிட்டனில் காருக்கு வரி போட ஒரு சூத்திரம் இருந்தது: அங்குலத்தில் துளையின் விட்டத்தை வர்க்கப்படுத்தி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்க வேண்டும். வருவதுதான் வரிக் குதிரைத்திறன். ஸ்ட்ரோக் கணக்கிலேயே இல்லை. 57 மி.மீட்டரை அங்குலமாக்கி இந்தக் கணக்கைப் போட்டால் 8 வரும். காரின் பெயரில் இருந்த எட்டு அதுதான். துளையைக் குறுக்கினால் வரி குறையும், ஸ்ட்ரோக்கை நீட்டினால் சக்தி கிடைக்கும் என்று வடிவமைப்பாளர்கள் நீட்டினார்கள். அதன் விலையைச் சிலிண்டர் சுவர் கொடுத்தது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் இந்தப் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 12 மீட்டர்.

ஆனால் வேகம் அதிகமுள்ள நடுப்பகுதியில் தேய்மானம் குறைவு. பிஸ்டன் நின்று திரும்பும் உச்சியில்தான் அதிகம். துளையின் விட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜில் இதை முதன்முதலில் பார்த்தபோது கேஜைத்தான் சந்தேகித்தேன். காரணம் எண்ணெய்ப் படலம். ரிங் வேகமாக ஓடும்போது எண்ணெய் அதன் அடியில் ஆப்பு போல நுழைந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது, படலம் உடைகிறது. அதே கணத்தை ஒட்டித்தான் மேலே நெருப்பு பற்றுகிறது. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் முதுகுப்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. சூட்டில் எண்ணெயும் நீர்த்துப் போயிருக்கும்.

இன்னொரு காரணத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் சூடாக இருந்தால் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சுவர் குளிர்ந்திருந்தால் அங்கேயே வியர்த்து, எரிந்த வாயுவின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு இரும்பை அரிக்கும். அரித்ததை அடுத்த ஓட்டத்தில் ரிங் வழித்தெடுக்கும். பிரிட்டனின் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் ஆட்டோமொபைல் இன்ஜினியர்ஸ் 1930களில் நடத்திய ஆய்வுகள் இதைத்தான் எடுத்துக் காட்டின: குளிர்ந்த சுவரில் தேய்மானம் பல மடங்கு. வாரம் ஒருமுறை தெருமுனை வரை ஓட்டி வந்து நிறுத்தப்படும் பழைய கார், தினமும் நெடுந்தூரம் ஓடும் காரைவிடச் சீக்கிரம் தேய்வது இதனால்தான். 'அதிகம் ஓடாத வண்டி' என்று சொல்லி யாராவது விற்க வந்தால், நான் முதலில் ஹெட்டைத் திறந்து பார்க்கவே ஆசைப்படுவேன்.

வரப்பைப் பற்றி எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஒரு பழைய தோல்வி காரணம். பல வருடங்களுக்கு முன் வேறொரு இன்ஜின் ஆயில் குடித்தது, நீலப் புகை தள்ளியது. பிஸ்டனை எடுத்து, புது ரிங் போட்டு, சுவரை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினேன். வரப்பை வெட்டவில்லை. பழைய ரிங்கின் மேல் மூலை வரப்பின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து உருண்டிருக்கும். புது ரிங்கின் மூலை கூர்மையானது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூலை வரப்பில் இடித்திருக்கிறது. சில வாரத்தில் ஒரு சிலிண்டரில் முதல் ரிங் துண்டாகி, பிஸ்டனில் ரிங் காடிகளுக்கு இடையிலிருந்த சுவரும் பெயர்ந்துவிட்டது. உடைந்த துண்டு ஏறி இறங்கி உழுத கோடுகளைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. தேய்மானத்தோடு போயிருக்க வேண்டிய ஒரு சிலிண்டரை நானே கெடுத்தேன். அதற்குப் பிறகு அளக்காமல் எதையும் தொடுவதில்லை.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேலே அகன்று கீழே குறுகும், அதோடு முட்டை வடிவமும் எடுக்கும். பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்கும்போது நெருப்பின் விசை பிஸ்டனைப் பக்கவாட்டில் சுவர்மேல் தள்ளுவதால், கிராங்கின் அச்சுக்குக் குறுக்கான திசையில் தேய்மானம் அதிகம். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் வரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவில், ரிங் எட்டாத அடியில் என்று மூன்று உயரங்கள். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்குக்குக் குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று. நான்கு சிலிண்டருக்கு 24 எண்கள். அவற்றை அளந்த பிறகு முதலிலிருந்து மீண்டும் ஒருமுறை அளப்பேன். இரண்டு வரிசையும் ஒத்துப்போகவில்லை என்றால் என் கைதான் தவறு.

வெப்பநிலையும் விளையாடும். 58 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புத் துளை 10 டிகிரி சூடேறினால் 0.006 மி.மீட்டருக்கு மேல் விரியும். நாம் தேடுவது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்பதால் இது சின்ன விஷயமில்லை. சிலிண்டர்கள் அமைந்த இரும்புக் கட்டியான பிளாக், கேஜ், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளந்தேன்.

டயல் போர் கேஜ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளி, அதன் வாயிடைவெளியை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள சந்தை, அளவு குறித்த மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பாருங்கள். தேய்ந்த மேல்பகுதியில் ஒன்று, தேயாத அடிப்பகுதியில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைவிட 3.14 மடங்கு வேகமாக வளர்வதால், கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை ரிங்கின் வாய் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. முட்டை வடிவத்தை மட்டும் இந்த முறை காட்டாது.

என் பிளாக்கில் முதல் மூன்று சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே கதை சொன்னன. அடியில் 58.03, வரப்புக்குக் கீழே குறுக்காக 58.26, நெடுக்காக 58.17. அதாவது மேலுக்கும் கீழுக்கும் 0.23, முட்டை வடிவம் 0.09. ரிங்கின் வாய் மேலே போகும்போதெல்லாம் அரை மி.மீட்டருக்கு மேல் கூடுதலாகத் திறந்து, கீழே வரும்போது மூடியிருக்கிறது. ரிங் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. புது ரிங் போட்டாலும் அது இதே மூச்சைத்தான் விடும். வட்டமான ரிங் முட்டையான துளையில் முழுக்கப் படியாது.

ஆனால் 57 மி.மீ. போருக்கு அடியில் 58.03 எப்படி? பிஸ்டன் தலையில் கரியைத் துடைத்தபோது '40' என்று குத்தியிருந்தது. ஆயிரத்தில் 40 அங்குலம், அதாவது முதல் அளவைவிட 1.016 மி.மீ. பெரிதான ஓவர்சைஸ். எனக்கு முன்னால் யாரோ இந்த பிளாக்கைப் பெருக்கித் துளையிட்டிருக்கிறார்கள். ஒரே தடவையிலா, பத்துப் பத்தாக ஏறிவந்தா, தெரியாது. ஒன்று மட்டும் உறுதி: இந்த இன்ஜினுக்கு இன்னும் மிச்சமிருந்தது ஒரு படிதான். 60.

நான்காவது சிலிண்டர் அந்தப் படியையும் எடுத்துக்கொண்டது. வண்டி நெடுங்காலம் நின்றபோது அதன் பிஸ்டன் பாதி உயரத்தில் இருந்திருக்கிறது, வால்வு ஒன்று திறந்திருக்கிறது. ஈரக்காற்று அந்த வழியே வந்து, ரிங்குகள் சுவரைத் தொட்டிருந்த இடத்தில் வளையம் வளையமாகத் துரு தின்றிருந்தது. ஆழமான குழி 0.4 மி.மீ. அந்த உயரத்தில் விட்டம் 58.12. குழி மறைய வேண்டுமானால் இரு பக்கமும் சேர்த்து 0.8 கூட வேண்டும், 58.92. ஆனால் 60 ஓவர்சைஸ் என்பது 58.52தான். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அவசரம் வரும். குழி சின்னதுதானே, ரிங் தாண்டிப் போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். வரப்புக்கு வெகு கீழே, ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு என்றால் நானும் விட்டிருப்பேன். ரிங் அகலத்துக்குச் சமமான குழி வளையம் வாயுவுக்குக் கதவு திறந்து விடுவது. தேய்மானம் மிகக் குறைவாக இருக்கும் இன்ஜினில் வரப்பை வெட்டி, சுவரின் பளபளப்பை ஹோன் என்ற தேய்ப்புக் கல்லால் லேசாக உடைத்து, புது ரிங் போடுவதில் தவறே இல்லை. அதையே எல்லா நோய்க்கும் மருந்தாக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. இதற்கு எதிர்முனையும் உண்டு. எடுத்த எடுப்பில் கடைசி ஓவர்சைஸுக்குப் போய்விடுவது. 20 போதும் இடத்தில் 40 போடுகிறவர் தனக்குப் பின் வரப்போகும் ஒருவரின் இரண்டு வாய்ப்புகளைச் சிராயாக வெட்டிக் குப்பையில் போடுகிறார். வெட்டிய இரும்பு திரும்ப ஒட்டாது.

எனக்கு மிஞ்சிய வழி லைனர். உலர் லைனர் என்பது பிளாக்கின் துளையைப் பெருக்கி, அதில் இறுக்கமாக இறக்கும் மெல்லிய வார்ப்பிரும்புக் குழாய். தண்ணீர் அதைத் தொடாது. ஈர லைனர் வேறு வகை. அதன் வெளிச்சுவரில் நேராகத் தண்ணீர் படும், அடியில் சீல் இருக்கும், தேய்ந்தால் கழற்றிப் புதிது போடலாம். 1934இல் வந்த சிட்ரோயன் ட்ராக்சியோன் அவான், ஸ்டாண்டர்ட் வான்கார்ட், அதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரையம்ஃப் டிஆர்2 இவற்றிலெல்லாம் பிறவியிலேயே ஈர லைனர்தான். அந்த வண்டி வைத்திருப்பவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட நாட்கள் உண்டு.

லைனருக்கு முன் சுவரின் தடிமன் தெரிய வேண்டும். பம்ப் இல்லாமல் தண்ணீர் தானாகச் சுற்றும் தெர்மோசைஃபன் முறை என்பதால், ரேடியேட்டருக்குத் தூரமான நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சேறும் துருவும் கெட்டியாக அடைந்திருந்தன. பிளாக்கின் பக்கத் துளைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளான ஃப்ராஸ்ட் பிளக்குகளைத் தட்டி எடுத்து, கம்பியால் குத்திக் குத்திக் கழுவினேன். பிறகு அல்ட்ராசோனிக் மானி வைத்துப் பார்த்ததில் பெரும்பாலும் 4.5 மி.மீ.; நான்காவதின் பின்பக்கம் ஒரே இடத்தில் 3.1. பிளாக்கைத் துளையிடப் போகும் பெரியவரிடம் இந்த எண்களை எழுதிய தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"1.6 சுவர் உள்ள லைனர் போடலாம் தம்பி. அப்பவும் இந்த இடத்துல ரெண்டு மில்லி நிக்கும். ஆனா ஒண்ணுக்கு மட்டும் போட்டு மத்த மூணையும் கடைசி சைஸுக்குக் கொண்டுபோறதா, இல்ல நாலுக்கும் போட்டு பழைய அளவுக்கே திரும்புறதா? அதை நீங்கதான் சொல்லணும்."

"நாலுக்கும் போட்டுருங்க ஐயா. 57க்கே போயிடலாம்."

"பிஸ்டன் கையில இருக்கா?"

"இல்லைங்க, லைனர் இறங்கின பிறகு வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

"லைனர் இறக்கி வைக்கிறேன். கடைசி அளவுக்கு, பிஸ்டன் வந்த பிறகுதான் கத்தியைத் தொடுவேன். பெட்டி மேல ஒட்டியிருக்குற அளவை நம்பி நான் துளை போடுறதில்ல."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிஸ்டன் வந்ததும் தெரிந்தது. நான்கையும் பாவாடை எனப்படும் கீழ்ச்சுவரில், கனெக்டிங் ராடைப் பிடிக்கும் பிஸ்டன் பின் என்ற தண்டுக்குக் குறுக்காக அளந்தோம். அலுமினியப் பிஸ்டன் வட்டமாக இருப்பதில்லை; சூட்டில் விரிந்தபின் வட்டமாகும்படி முட்டை வடிவிலும், மேலே சிறுத்தும் கடைந்திருப்பார்கள். ஆகவே தவறான இடத்தில் அளந்தால் எல்லாமே தவறு. 56.948இலிருந்து 56.957 வரை நான்கும் நான்கு அளவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதி, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தத் துளை என்று முடிவானது. வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அலுமினியம் விரியும் என்பதால் இடைவெளி அவசியம். பிஸ்டனோடு வந்த தாள் 0.05 மி.மீ. என்றது. கூடினால் குளிரில் பிஸ்டன் தட்டும். குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

லைனர் இறங்கிய நாளை நான் மறக்கமாட்டேன். துளையைவிட லைனரின் வெளிவிட்டம் 0.05 மி.மீ. பெரிது. சுத்தியலுக்கு வேலையே இல்லை. பிளாக்கை அடுப்பில் வைத்து 150 டிகிரிக்குச் சூடேற்றினார். 60 மி.மீ. துளை 120 டிகிரி கூடினால் 0.08 மி.மீ. விரியும், லைனர் உறைபெட்டியில் இருந்தது. வெளியே எடுத்து, ஒரே அசைவில், இரண்டு கையாலும் நேராக விட்டார். வழுக்கிக்கொண்டு போய், அடியில் அவர் விட்டு வைத்திருந்த சிறு படியில் 'டொக்' என்று உட்கார்ந்தது. சில விநாடிகளில் சூடும் குளிரும் சமமாகி, அதற்குப் பின் அதை அசைக்க முடியவில்லை. பாதியில் நின்றிருந்தால் அந்த லைனரை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். ஒரு லைனர் இறுகும்போது பக்கத்துத் துளையைக் கொஞ்சம் நெருக்கும் என்பதால், நான்கும் இறங்கி, மேல்தளத்தைச் சமமாக்கிய பிறகே இறுதித் துளையிடல். அதுவும் 0.07 மி.மீ. மிச்சம் வைத்து. துளைக்கத்தி இரும்பைக் கிழித்துக்கொண்டு போகும்; அந்தக் கிழிசல் முழுவதையும் ஹோனிங்கில் எடுத்துவிட வேண்டும்.

ஹோனிங்குக்கு முன் பிளாக்கின் மேல் ஒரு தடித்த உருக்குத் தகட்டை வைத்து, ஹெட்டுக்கு உரிய இறுக்கத்திலேயே நட்டுகளை முடுக்கினார். ஹெட்டை இறுக்கும்போது துளை கொஞ்சம் கோணும். வால்வும் புகைவழியும் பிளாக்கிலேயே இருக்கும் சைடு வால்வில் இது முக்கியம். கோணிய நிலையில் வட்டமாக்கினால், வண்டி ஓடும்போது வட்டமாக இருக்கும். பிறகு கல் ஏறி இறங்கிச் சுழன்று, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன, ஒன்றையொன்று ஏறத்தாழ 45 டிகிரியில் வெட்டிக்கொண்டு. இந்தக் கோடுகள்தான் எண்ணெய் தங்கும் வாய்க்கால்கள். மிகவும் படுக்கையாக இருந்தால் எண்ணெய் அதிகம் தங்கி எரியும். மிகவும் செங்குத்தாக இருந்தால் வழிந்து ஓடிவிடும்.

இதற்கு அடுத்து வருவது கழுவுதல். இதில்தான் நல்ல நல்ல இன்ஜின்கள் செத்துப்போகின்றன. ஹோன் கல்லின் துகள் அந்தக் கோடுகளுக்குள் புதைந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைத்தால் எண்ணெய்ப் பசை போகும், துகள் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சுடுதண்ணீரும் சோப்பும் விறைப்பான பிரஷும்தான் வேண்டும். நான் ஒவ்வொரு சிலிண்டரையும் நுரை வெள்ளையாக வரும்வரை தேய்த்தேன். காற்றடித்து உலர்த்தியவுடன், துரு பிடிக்கும் முன் இன்ஜின் ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி சாம்பல் நிறமானது. மறுபடி ஆயில், மறுபடி துணி, மறுபடி சாம்பல். திரும்பவும் சோப்புக்குப் போனேன். துணி வெள்ளையாகவே வரும்போது மாலையாகிவிட்டது. அந்தச் சாம்பல் நிறம் முழுக்க உரைதூள். அது உள்ளே இருந்திருந்தால், இத்தனை பாடுபட்டு வட்டமாக்கிய சுவரை முதல் நாளிலேயே தின்ன ஆரம்பித்திருக்கும்.

ரிங்கின் வாயிடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் வைத்துப் பார்த்து, அரத்தால் இழைத்து 0.2 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தேன். இப்போது மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் ஃபீலர் கேஜின் அதே தகடு அதே இறுக்கத்தில் போய்வந்தது. அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

முதல் ஓட்டத்தில் நான் சும்மா நிறுத்தி உறுமவிடவில்லை. ரிங் சுவரோடு பழகுவது அதன் பின்னால் வரும் வாயு அழுத்தத்தால்தான். சுமை இல்லாமல் மணிக்கணக்கில் ஓடவிட்டால் கோடுகள் மழுங்கிச் சுவர் கண்ணாடியாகிவிடும். சூடேறியதும் சாலைக்கு எடுத்துப் போய், மிதமாக அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி ஓட்டினேன். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயில் அளவுகோலில் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது.

1,500 கிலோமீட்டரில் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில் பார்த்தேன். வேலை ஆரம்பிக்கும் முன் எடுத்த எண்கள் அதே நோட்டில் மேலே இருந்தன: 78, 75, 80, 40. அப்போது ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டதும் எண்கள் எகிறின. கசிவு வால்வில் இல்லை, ரிங் பக்கம்தான் என்று அதில்தான் தெரிந்தது. இப்போது ஆயில் விடாமலே 110, 112, 110. கேஜை நான்காவதில் திருகிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். முள் நான்கு தாவலில் ஏறி 111இல் நின்றது.